ஐந்தாம் மாதக் கூட்டமும் மச்சான் பிடித்த கயிறும்

போன மாதம் இரண்டு இளம் நர்ஸுகள் அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். ஐந்து மாதம் முதல் ஏழு மாதம் வரையிலான கர்ப்பிணிகள் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் அனுபவங்களையும், எங்கே எப்படிப் பிள்ளை பெற விரும்புகிறார்கள் என்பதையும் 'மனம் திறந்து' பகிர்ந்துகொள்ளப் போகிறார்களாம். டீ, பிஸ்கட் உண்டாம். இந்த ஊரில் இதுவே முதல் முறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பழைய ஆள் என்ற முறையில் அவர்களுடைய மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டும், அது உற்சாகமூட்டும் விதமாக இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

முதல் முறையாம்! நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இதே தூத்துக்குடியில் இந்தக் கூத்தை நாங்கள் நடத்திப் பார்த்தாகிவிட்டது. பிஸ்கட்தான் கிடையாது. உற்சாகம் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைகள் வேறு யாரையாவது பார்க்கட்டும். என்னிடம் இருப்பதைத்தான் நான் தரமுடியும்.

நான் ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தார். படித்தால்தான் சோறு என்றாகிவிட்டது. மதுரையில் பதினெட்டு மாதம் பயிற்சி. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ரத்தக்கறை போகத் துணி அலசவும், பெரியவர்கள் முன்னால் வாயை மூடிக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது எனக்கு நன்றாக வந்தது.

தூத்துக்குடியில் நான் வேலைக்குச் சேர்ந்த பிரசவ விடுதியில் எங்களுக்கு மேலே இருந்த லேடி டாக்டர் சென்னையில் படித்தவர். பெயர் வேண்டாம். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. கத்தியை எடுத்தால் கை நடுங்காது. வாயைத் திறந்தால்தான் கஷ்டம். ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டியிருப்பார். பேசுகிறவள் இரண்டு நிமிஷத்துக்கு மேல் போனால் அதைப் பார்ப்பார். தமிழை ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துத்தான் பேசுவார், கோர்வையாக வராது. கர்ப்பிணிகளை அவர் உட்கார்ந்து பார்த்து நான் கண்டதில்லை. நின்றுகொண்டே பென்சிலால் மேஜையைத் தட்டுவார். தட்டினால் அடுத்த ஆள் வரவேண்டும் என்று அர்த்தம்.

அவர் கண்டுபிடித்ததுதான் செவ்வாய்க்கிழமைக் கூட்டம். பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதாகத் தலையாட்டிவிட்டு, வலி வந்ததும் வீட்டிலேயே மருத்துவச்சியைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள் என்பது அவருக்குப் பெரிய மனக்குறை. பத்துப்பேர் முன்னால் எழுந்து நின்று "நான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்" என்று ஒருத்தி சொல்லிவிட்டால், வெட்கத்துக்காவது வந்துதானே தீருவாள் என்று யோசித்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன்.

காலை ஒன்பது மணிக்கு ஆரம்பம். வாசலில் வாதாமரத்தடியில் வரிசை. முதலில் மூத்திரப் பரிசோதனை. சுத்தமான பாட்டிலில் கொண்டுவரச் சொன்னால், தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் பாட்டிலில் வரும், மைப் புட்டியில் வரும், ஒருத்தி சாராயப் பாட்டிலில் கொண்டுவந்து டாக்டரை அலறவைத்தாள். கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டிக் கொதிக்கவிட்டு, இரண்டு சொட்டு அமிலம் விடவேண்டும். வெள்ளையாகத் திரிந்தால் கெடுதல். ஒரு செவ்வாய்க்கிழமை அடுத்தடுத்து நின்ற மூன்று பேருக்கும் ஒன்றுபோலத் திரிந்தது. டாக்டர் பதறிவிட்டார். விசாரித்தால், இரண்டுபேர் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். "அதுக்கென்ன, இதுல பாதிய ஊத்திக்கிடுங்க" என்று மூன்றாமவள் தாராளமாகப் பங்குவைத்திருக்கிறாள். பகிர்ந்துகொள்வதைப் பற்றி இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு எடை. பிறகு படுக்கவைத்து, கருப்பை எதுவரை ஏறியிருக்கிறது என்று விரலால் அளப்போம். ஐந்தாம் மாதமென்றால் தொப்புளுக்கு அடியில் நிற்கவேண்டும். மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்து, பிள்ளையின் துடிப்பை எண்ணவேண்டும். கடைசியாக இடுக்கி மாதிரி இரண்டு கால் உள்ள ஒரு கருவியால் இடுப்பெலும்பின் முன்னும் பின்னும் பிடித்து அளவெடுப்போம். அந்த அளவை டாக்டரே எடுப்பார். அதில் அவர் தப்பு செய்து நான் பார்த்ததில்லை.

இவ்வளவும் முடிந்தபிறகு பெஞ்சில் உட்காரவைப்போம். ஒவ்வொருத்தியாக எழுந்து நின்று, பெயர், எத்தனாவது பேறு, முன்னால் என்ன நடந்தது, இந்தத் தடவை எங்கே பெறப்போகிறாய், ஏன் என்று சொல்லவேண்டும். நான் அட்டையில் 'ஆஸ்பத்திரி' அல்லது 'வீடு' என்று எழுதி, பக்கத்தில் 'சொந்த விருப்பம்' என்று போட்டு, அவள் கட்டைவிரல் ரேகையை வாங்கவேண்டும். அவர்கள் சொன்ன அனுபவங்களின் லட்சணம் இருக்கிறதே! பஜாரில் பலசரக்குக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரின் மனைவி, நான்கு பிள்ளையையும் மாவு இடித்துக்கொண்டே பெற்றதாகச் சொல்வார். ஆமை முட்டை தின்றவளுக்குப் பிள்ளை நழுவிக்கொண்டு வந்துவிட்டது என்பாள் ஒருத்தி. டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பார். கடைசியில் எல்லாரும் ஒரே குரலில் "ஆஸ்பத்திரிதான் டாக்டரம்மா" என்பார்கள். டாக்டருக்கு முகமெல்லாம் மலரும். வாசல் தாண்டி வாதாமரத்தடிக்குப் போனதும் உண்மையான கூட்டம் தொடங்கும். "இவிய முன்னால வேற என்னத்தளா சொல்ல?" என்று சிரித்துக்கொண்டே போவார்கள். அது எனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அந்தப் பெஞ்சில் உண்மையைச் சொன்ன ஒரே பெண் லூர்தம்மாள்.

கடற்கரைத் தெருக்காரி. இருபது வயதிருக்கும், குள்ளமான உருவம். புருஷன் சவேரி சங்கு குளிப்பவன். முத்துக்குளிப்பு நின்று பல வருஷமாகியிருந்தது. சங்குதான் அந்தத் தெருவுக்குச் சோறு போட்டது. ஆழத்துக்கு இழுக்கும் கல்லைத் துணையாகக் கொண்டு கடலுக்குள் இறங்குகிறவனின் உயிர், மேலே வள்ளத்தில் நின்று கயிறு பிடிப்பவன் கையில் இருக்கிறது. கீழே கயிறு அசைந்ததும் இழுக்கவேண்டும், தாமதித்தால் போச்சு. அதனால் அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம் கொடுப்பது அவர்கள் வழக்கம். தன் தங்கை தாலியறுக்க எவன் சம்மதிப்பான் என்பது கணக்கு. சவேரிக்குக் கயிறு பிடித்தவன் லூர்தம்மாளின் அண்ணன் கஸ்பார்.

அவள் முதல் தடவை எங்கள் கூட்டத்துக்கு வந்தபோது ஐந்து மாதம். எழுந்து நின்று பட்டென்று சொன்னாள்.

"எனக்கு இது ரெண்டாவது, டாக்டரம்மா. மொதப் பிள்ளைக்கு அம்மா வீட்டுக்குப் போனேன். ரெண்டு நாளு வலி. மருத்துவச்சி இழுத்த இழுப்புல பிள்ள செத்துத்தான் வந்துது. இன்னும் ஒரு தடவ அங்கன போவ மாட்டேன். இங்கனதான் பெத்துக்கிடுவேன்."

டாக்டர் பூரித்துப்போனார். "எல்லோரும் கேட்டீர்களா? இவள்தான் புத்தியுள்ள பெண்" என்று சொல்லி, அவளை இன்னொரு முறை உரக்கச் சொல்லவைத்தார். எல்லாரையும் கைதட்டச் சொன்னார். நானும் தட்டினேன். அதே பெஞ்சில் மிக்கேலம்மாள் என்று ஆறுமாதக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாளின் அம்மா வீட்டுக்கு நேரெதிர் வீடு அவளுடையது. அவளும் தட்டினாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் செய்தி போய்விட்டது. போகிற வழியில் அது கொழுத்தும்விட்டது. "அம்மாதான் பிள்ளையக் கொன்னான்னு ஆஸ்பத்திரில எந்திரிச்சு நின்னு சொல்லுதா, எல்லாரும் கைதட்டுதாவ" என்று மிக்கேலம்மாள் தெருமுழுக்கச் சொல்லியிருக்கிறாள். கைதட்டியது மட்டும் உண்மை. லூர்தம்மாளின் தாய்வீட்டில் ஒரு பிடிவாதம் உண்டு. தங்கள் வீட்டில் போன பிள்ளை தங்கள் வீட்டில்தான் திரும்பி வரவேண்டும், அப்போதுதான் பழி தீரும் என்பார்கள். பழி என்று அவர்கள் பயந்ததைத்தான் எங்கள் டாக்டர் மேடைபோட்டுப் பேசவைத்திருந்தார்.

இரண்டு வாரம் கழித்து லூர்தம்மாள் கொல்லைப்பக்கமாக வந்து, துணி உலர்த்திக்கொண்டிருந்த என்னிடம் அழுதாள்.

"அண்ணன் கயிறு பிடிக்க மாட்டேம்னுட்டான், நர்ஸம்மா. 'எங்க வீட்டு வாசப்படி ஒனக்கு ஆவாது, எங் கை மட்டும் ஒம் மாப்பிள்ளைக்கு ஆவுமோ'ங்கான்."

"இப்ப யார் பிடிக்கிறா?"

"கூலிக்கு ஒருத்தன் பிடிக்கான். நேத்து இழுக்க நேரமாக்கிட்டான். மேல வரும்போது அவியளுக்கு மூக்கு வாயெல்லாம் ரத்தம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆம்பளைக் கோபம் நாலு நாள், உன் பிடியில் நில் என்று சொன்னேன். எவ்வளவு சுலபமான புத்திமதி! கடலுக்குள் இறங்குவது என் புருஷன் இல்லையே.

ஏழாம் மாதம் அவள் மறுபடி பெஞ்சில் எழுந்தாள். மிக்கேலம்மாள் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா வீட்டுலதான் பெத்துக்கிடுவேன்" என்றாள்.

டாக்டர் பென்சிலை வீசினார். "உன் இடுப்பெலும்பு இருபது சென்டிமீட்டர் இருக்கவேண்டும். பதினேழு இருக்கிறது. பிள்ளை எப்படி வெளியே வரும்? சொல்" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். அன்றைக்காவது வாயைத் திறந்தேன். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, கயிறு விஷயத்தைச் சொன்னேன்.

"கயிறா? என்ன நான்சென்ஸ்!" என்றார் அவர். "இது அவள் உடம்பு. அவள் விருப்பம். மாற்றி மாற்றிப் பேசுகிறவர்களுக்கு நான் படுக்கை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது. எழுது. வீடு. சொந்த விருப்பம்."

எழுதினேன். லூர்தம்மாள் ரேகை வைத்தாள். மறுநாள் காலையிலிருந்து கஸ்பார் வள்ளத்தில் நின்று கயிறு பிடித்தான். எல்லாருக்கும் திருப்தி.

அவளுக்கு நாள் வந்தது. காலை பத்துமணிக்கு மூச்சிரைக்க ஓடிவந்து என்னைக் கூப்பிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே மிக்கேலம்மாள்தான். கைப்பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நேத்துலருந்து கெடக்கா நர்ஸம்மா, சத்தங்கூட வரல" என்றாள். டாக்டரிடம் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பனிக்குடம் முந்தின சாயங்காலமே உடைந்திருந்தது. கருப்பை வாய் முழுக்கத் திறந்துவிட்டது. தலை மட்டும் இறங்காமல் மேலேயே மாட்டிக்கொண்டு, உச்சியில் வீங்கியிருந்தது. மரக்குழலை வைத்து எண்ணினேன். நூற்றுப்பத்து, இருக்கவேண்டியதைவிடக் குறைவு. கால்மணி கழித்து நூறு. இனி இங்கே வைத்திருந்தால் பிள்ளை பிழைக்காது, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள் என்றேன். ஜட்கா வண்டியைக்கூட மிக்கேலம்மாள் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள்.

லூர்தம்மாளின் தாய் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் நகரவில்லை.

"கஸ்பார் வரட்டும். அவன் சொல்லாம நான் எப்படி அனுப்ப? மறுபடியும் கயித்த விட்டுட்டாம்னா இவ புருசன் கதி என்ன ஆவும்? பிள்ளையும் போயி அவனும் போவணுமா?"

முட்டாள்தனம் என்று கத்தினேன். மகளைக் கொல்லப் பார்க்கிறாய் என்றுகூடச் சொன்னேன். உள்ளேயிருந்து லூர்தம்மாளே சொன்னாள், "அண்ணன் வரட்டும் நர்ஸம்மா" என்று. சங்கு வள்ளங்கள் விடியலில் போனால், கடற்காற்று எழும்பியபிறகுதான் கரைக்குத் திரும்பும். இரண்டு மணியாகும், மூன்றும் ஆகலாம். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து துடிப்பை எண்ணிக்கொண்டேயிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு எண்பது. ஒன்றரைக்கு மேல் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம் கடற்கரைக்குப் போய் நின்றேன். வள்ளம் தென்பட்டதும் வெள்ளைச் சேலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூப்பிட்டேன். கஸ்பார் ஆஜானுபாகுவான ஆள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளிறி, குதித்து ஓடிவந்தான். பின்னாலேயே சவேரியும் ஓடிவந்தான். வீட்டுக்குள் நுழைந்த கஸ்பார் தங்கையின் முகத்தைப் பார்த்தான். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டான்.

"இம்புட்டு நேரம் என்னத்துக்கு வச்சிருந்திய? அப்பமே கொண்டுபோவ வேண்டியதுதான?"

அவனை அறையவேண்டும்போல இருந்தது. அவன் வார்த்தைக்காகத்தான் ஒரு வீடே நாலரைமணி நேரம் காத்திருந்தது. அவனே அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் கிடத்தினான்.

டாக்டர் ஆயுதம் போட்டு எடுத்தார். ஆண்பிள்ளை. செத்து ஒருமணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. தாயைக் காப்பாற்றியது டாக்டரின் கைதான், அதை மறைக்கமாட்டேன். கையைக் கழுவிவிட்டு வந்து அட்டையை எடுத்துக் கஸ்பாரிடம் காட்டினார். "இங்கே பார். வீடு என்று அவளே சொன்னாள்" என்றார். அவனும், "ஆமா, அவளேதான் சொன்னா" என்றான். இரண்டு பேரும் வேறு எதிலும் ஒத்துப்போகிறவர்கள் இல்லை. இதில் ஒத்துப்போனார்கள். அட்டையிலிருந்த எழுத்து என்னுடையது.

அடுத்த இரண்டு வருஷமும் டாக்டரின் கூட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. லூர்தம்மாள் மூன்றாவது தடவையாக உண்டாகி, ஐந்தாம் மாதம் வாசலில் வந்து நின்றபோது, அவளை உள்ளே விடுவதற்குமுன் வாதாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"டாக்டரம்மா என்ன கேட்டாலும் அம்மா வீடுன்னு சொல்லு. ஒம்பதாம் மாசம் அங்கதான் போ. அம்மா போடுறதத் தின்னு, சொல்றதக் கேளு. வலி ஆரம்பிச்ச ஒடனே, கோயிலுக்குப் போயி மெழுகுதிரி கொளுத்திட்டு வாரேன்னு கெளம்பு. கோயிலுக்குப் போற வழிலதான் இந்த விடுதி இருக்கு. வழில வலி அதிகமாயிட்டுன்னு இங்க வந்து படுத்துரு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அவள், "பொய்யா சொல்லணும்?" என்றாள்.

"ஆமா. சத்தமாச் சொல்லு. மிக்கேலம்மாவும் மறுபடி உண்டாகி பெஞ்சுல இருக்கா, அவ காதுல விழணும்."

சத்தமாகவே சொன்னாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, பதினேழு சென்டிமீட்டரை மறுபடியும் எல்லாருக்கும் சொன்னார். நான் 'வீடு, சொந்த விருப்பம்' என்று முத்துமுத்தாக எழுதினேன். நாள் நெருங்கியதும் கடைசிக் கட்டிலைத் துப்புரவு செய்து, ஆள் வைக்காமல் பார்த்துக்கொண்டேன். யாராவது கேட்டால் கால் ஆடுகிறது என்பேன்.

ஒரு புதன்கிழமை காலை எட்டுமணிக்கு, கையில் இரண்டு மெழுகுதிரியோடு வந்துசேர்ந்தாள். "சொன்ன சொல்லில் நிற்காத பெண்" என்று டாக்டர் திட்டிக்கொண்டே வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார். பெண்பிள்ளை. எடுத்தவுடனே கூரை அதிரக் கத்தியது. எனக்கு அழுகை வந்தது. பக்கத்திலிருந்த தட்டைக் கழுவுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கஸ்பார் வந்தான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வார்டு வாசலில் நின்றபடி, உள்ளே மிக்கேலம்மாள் உட்பட ஆறேழு பெண்கள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, உரக்கச் சொன்னான்.

"கோயிலுக்குப் போற வழில வலி வந்தா யாரு என்ன செய்ய முடியும்? அது ஆண்டவன் செயலு."

"ஆமா, பாவம், வழில வந்தா என்ன செய்யதுக்கு" என்று மிக்கேலம்மாள் ஒத்துப்பாடினாள். அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. தாய் வீட்டுக்கு அவமானம் இல்லை, கயிறும் அவன் கையிலேயே இருந்தது.

பிள்ளையை வாங்கி அவன் கையில் கொடுத்தேன். என் பக்கமாகக் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"இத அந்தத் தடவையே அவளுக்குச் சொல்லிக்குடுத்திருக்கப்பிடாதா, நர்ஸம்மா?"